ஒருக்கா விழுந்த சீட்டு

ராவ் பகதூர் விருத்தகிரி ஏரிக்கரையில் நடந்தால், அவருக்கு முன்னால் அவருடைய தொப்பி நடக்கும். பின்னால் அவருடைய குடை நடக்கும். தொப்பி அவர் தலையில்தான் இருந்தது என்றாலும், அது ஓரடி முன்னே போவதாகவே பார்ப்பவர்களுக்குத் தோன்றும். குடையைப் பிடித்துக்கொண்டு பியூன் முனியன் வருவான். வெயிலோ மழையோ மேகமூட்டமோ, குடை விரிந்தபடியே இருக்கும். சர்க்கார் தமக்கு ராவ் பகதூர் பட்டம் கொடுத்தபோது, சூரியன் இனி இவரைத் தொடக்கூடாது என்றும் ஓர் உத்தரவு போட்டிருப்பதாக அவர் எண்ணம்.

அவர் கணிதப் பேராசிரியர். பூந்தமல்லியில் தோட்ட பங்களா. அவர் புகழ் முழுவதும் ஒரே ஒரு கண்டுபிடிப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் ‘மாதிரி வயல் முறை’. ஓர் ஏரிப் பாசனத்தில் எவ்வளவு நெல் விளையும் என்று தெரிய வேண்டுமா? எல்லாக் கழனியையும் அறுத்துப் பார்க்க வேண்டாம். கற்றறிந்த கண் ஒன்று போய் நின்று நாலு கழனியைச் சுட்டிக்காட்டினால் போதும். அவற்றை அளந்தால் ஊர் முழுதும் அளந்த மாதிரி. கற்றறிந்த அந்தக் கண் யாருடையது என்று ராவ் பகதூர் தம் வாயால் சொன்னதில்லை. கேட்பவர்கள்தாம் புரிந்துகொண்டு தலையாட்ட வேண்டும். சர்க்காரின் பயிர் மதிப்புக் கமிட்டி தலையாட்டி, அவரை உறுப்பினராகவும் போட்டுக்கொண்டது.

அவரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள் அன்னம்மாள். ஆவடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்த கூட்ஸ் ரயில் கார்டு கங்காதரனின் மகள். கணிதத்தில் எம்.ஏ. முடித்துப் பெண்கள் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்தவள், வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷ ஆராய்ச்சி உதவித்தொகையில் சேர்ந்திருந்தாள். அவளுடைய ஆராய்ச்சியின் சாரம் இது: கழனியை எந்தக் கண்ணும் தேர்ந்தெடுக்கக் கூடாது, குருட்டாம்போக்கில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் மதிப்பீட்டில் நேர்மை இருக்கும். எவ்வளவு தப்பக்கூடும் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.

சுருக்கமாக, பேராசிரியரின் கண் தேவையில்லை என்பதைத்தான் அவள் பேராசிரியரின் மேற்பார்வையிலேயே நிரூபித்துக்கொண்டிருந்தாள். ராவ் பகதூர் இதைக் கவனிக்கவில்லை. மாணவர்கள் எழுதுவதில் முதல் பக்கத்தைத் தாண்டி அவர் படிப்பதில்லை. முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கும்.

உதவித்தொகை பங்குனியோடு முடிகிறது. அதற்குள் ராவ் பகதூர் கையெழுத்துப் போட்டால் ஆராய்ச்சிக் கட்டுரை பரீட்சகர்களுக்குப் போகும். இல்லையென்றால் மூன்று வருஷமும் வீண். மறுபடி பள்ளிக்கூடம், மறுபடி பதினாறாம் வாய்ப்பாடு. காகிதத்தில் கணக்கு முடிந்துவிட்டது. ஒரு நிஜ ஏரியில், நிஜ நெல்லில் அதைச் செய்து காட்டுவது மட்டும் பாக்கி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு மார்கழியில், சம்பாப் பயிர் கதிர் விட்டிருந்த சமயம், அன்னம்மாள் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தாள். கையில் லண்டனில் அச்சான ஒரு புத்தகம். அதில் பக்கம் பக்கமாக எண்கள். எந்த ஒழுங்கிலும் அடங்காத எண்கள்.

ஊர்ப் பெரியதனம் மணவாளன் புத்தகத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“இன்னாம்மா இது? ஒரே நம்பரா கீது?”

“இந்த எண்களுக்கு ஒரு ஒழுங்கும் கிடையாது, பெரியவரே. அதுதான் விசேஷம். லண்டன்லேருந்து வந்தது.”

“ஒழுங்கில்லாதத்த பாக்க லண்டனுக்குப் போவணுமா? எங்க ஊட்டு மாப்பிள்ளைய வந்து பாரு.”

சிரிப்பு அடங்கியதும் அன்னம்மாள் புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட எண்ணைப் படித்தாள். அந்த எண்ணுள்ள கழனி பூங்காவனத்துடையது, அவருக்கு இருந்த இரண்டில் நல்லது. பூங்காவனம் ஒல்லியான மனிதர். கோபம் மட்டும் அவரிடம் தாராளமாக இருந்தது.

“இத்தினி பேரு கீறோம். லண்டன்காரனுக்கு என் கழனிதான் கண்ணுல பட்டுதா? அவன் எப்பம்மா வந்து பார்த்தான்?”

“அவர் பார்க்கவே இல்லைங்க.”

“பாக்காமயே எழுதிட்டானா? அப்ப இன்னும் மோசம்!”

விஷயம் இதுதான். அந்த வருஷம் ஏரி முக்கால்வாசிகூட நிரம்பவில்லை. மதகுக்குக் கிட்டே இருந்த கழனிகள் பச்சையாய் நின்றன. கடைமடையில் பயிர் காய்ந்துகொண்டிருந்தது. விளைச்சல் மோசம் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டால் நிலத் தீர்வையில் தள்ளுபடி கிடைக்கும். ஆகவே கழனியை அளக்க வருபவர் யாராயிருந்தாலும், ஊர் அவரை அன்போடு கைபிடித்து மோசமான மூலைக்கு அழைத்துப் போகும். இது அங்கே பழகிப்போன உபசாரம்.

“இங்க அறுத்துக்கோ டீச்சரம்மா, பன்னி மேஞ்ச எடம்.”

“அது இன்னா மேஞ்சிது? என்னுதுல வந்து பாரு, பன்னியே வேணான்னு போயிட்ச்சி!”

அன்னம்மாளுக்கு அழுகை வரும்போல இருந்தது. பேராசிரியரிடம் விட்டால் நல்ல கழனியாகப் பொறுக்குவார். ஊரிடம் விட்டால் கெட்ட கழனியாகப் பொறுக்கும். புத்தகத்தை மூடினாள். வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு ஒன்று தோன்றியது.

“ஏரியில தண்ணி கொறஞ்சா, யார் கழனிக்கு முதல்ல பாய்ச்சுறதுன்னு எப்படி முடிவு பண்றீங்க?”

“செல்லியம்மன் கோயில்ல சீட்டு” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவள் விவரமாகக் கேட்டாள். கழனிக்கு ஒரு ஓலைத் துண்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே சுருட்டு. பானையில் போட்டுக் குலுக்க வேண்டும். சீட்டை எடுப்பவர் அந்தப் பாசனத்தில் பிடி மண்ணும் சொந்தமில்லாதவராக இருக்க வேண்டும். வெளியே வந்த சீட்டை மறுபடி பானையில் போடக் கூடாது. யார் அழுதாலும் சரி, யார் மிரட்டினாலும் சரி.

“நல்ல கழனியும் வேணாம், கெட்ட கழனியும் வேணாம்” என்றாள் அன்னம்மாள். “ஆத்தா எதைக் குடுக்கிறாளோ அதை அறுக்கிறேன். சம்மதமா?”

ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லண்டன்காரனை எதிர்த்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். செல்லியம்மனை எதிர்த்துப் பேசிவிட்டு அதே ஊரில் குடியிருப்பது கஷ்டம்.

வெள்ளிக்கிழமை பகலில் சீட்டு எடுத்தார்கள். எடுத்தவள் கன்னியம்மாள், நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள், நாற்பது வயது, ஊரிலேயே நீளமான நாக்கு.

“எனக்குப் பிடி மண்ணு கெடையாது. அதான் எனக்கு இம்மாம் மரியாதி” என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடிக் கையை விட்டாள். “நெலம் கீறவனெல்லாம் தள்ளி நில்லுங்க. பானைக்குள்ள மூச்சு உடாதீங்க!”

முதல் சில சீட்டுகள் சாதுவாகவே வந்தன. பிறகு ஒன்றைப் பிரித்துப் படித்த மணவாளனின் முகம் சுருங்கியது. அது அவருடைய கழனி. மதகுக்கு நேர்கீழே, யானை புகுந்தால் தெரியாத அளவுக்குப் பயிர் நின்ற கழனி.

“கன்னிம்மா, பானைய சரியா குலுக்கல போல கீது. இன்னொரு தபா...”

“ஒருக்கா உழுந்தா உழுந்ததுதான்!” என்று கோயிலே அதிரக் கூட்டம் கத்தியது. பூங்காவனம் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

அடுத்த சீட்டு பூங்காவனத்துடையது. அவருடைய கடைமடைக் கழனி. அங்கே பயிரே இல்லை, வெடிப்பு மட்டும்தான்.

“அங்க இன்னாத்த அறுப்ப?” என்று கன்னியம்மாள் கேட்டாள்.

“கயிறு கட்டி அளந்துட்டு, சைபர்னு எழுதிக்குவேன்” என்றாள் அன்னம்மாள்.

தை பிறப்பதற்கு முன் ராவ் பகதூர் விஜயம் செய்தார். பட்டணத்துக் கல்லூரியிலிருந்து ரயிலேறி, ஆவடியில் முதல் வகுப்பிலிருந்து இறங்கி, ஜட்காவில் வந்து, தொப்பியும் குடையும் புடைசூழக் கரைமேல் நின்றார். பளபளக்கும் பூட்ஸ். கழனி என்றால் சேறு. ஆகவே கற்றறிந்த கண், பூட்ஸ் எதுவரை போகச் சம்மதித்ததோ அதுவரை போயிற்று. பூட்ஸ் மதகைத் தாண்டச் சம்மதிக்கவில்லை.

“இந்த வயல்” என்று பிரம்பால் சுட்டினார். “பார், இது நம்மிடம் பேசுகிறது. அந்த வயல். அதோ, அதற்கடுத்த இரண்டும். போதும். அளந்தும் பார்க்க வேண்டாம், பதினாலணா விளைச்சல்.”

முழு விளைச்சலைப் பதினாறணா என்று வைத்துப் பேசுவது வழக்கம். பதினாலணா என்றால் அமோகம்; தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடமில்லை. முனியன் குடைக்கு அடியிலிருந்து கடைமடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல நின்றான்.

பிறகுதான் அவர் அன்னம்மாளின் கழனிகளைப் பற்றி விசாரித்தார். சீட்டு, பானை, கோயில், கன்னியம்மாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கத் தொப்பி மெல்ல மேலே எழுந்தது.

“செல்லியம்மனா? என் மேற்பார்வையில் செய்யும் ஆராய்ச்சிக்கு ஓர் அம்மன் துணையா? நாளைக்குப் பரீட்சகர் கேட்டால், ‘பம்பை அடித்தோம் ஐயா, சாமி வந்து சொன்னது’ என்பாயா?”

“சாமி வந்து எதுவும் சொல்லல சார். யாரும் எதுவும் சொல்லாம இருக்கணும்னுதான் இந்த ஏற்பாடு.”

“அது போகட்டும். இந்தக் கடைமடை வயலில் பயிரே இல்லையே! பயிர் இல்லாத வயலை விளைச்சல் கணக்கில் சேர்ப்பதா? இதை எடுத்துவிட்டு வேறு சீட்டு எடு.”

“முடியாது சார். ஒருக்கா விழுந்தா விழுந்ததுதான்.”

மரியாதை குறையாமல்தான் சொன்னாள். இருந்தாலும் கரையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராவ் பகதூர் சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகக் கோபப்படுவது அவருக்கு வழக்கமில்லை. பிரசங்கமாகவே கோபப்படுவார்.

“நல்லது! இந்த ஏரி பாயும் ஆயக்கட்டு நெல் முழுவதும், கடைசி மணி வரை, களத்திலேயே அளக்கப்படும். நான் கமிட்டிக்கு எழுதி ரெவின்யூ ஆட்களை வரவழைக்கிறேன். பானையின் கணக்கா, பேராசிரியரின் கண்ணா என்று உலகம் பார்க்கட்டும். பானை தோற்றால், உன் ஆராய்ச்சியில் என் கையெழுத்து விழாது.”

உலகம் என்று அவர் சொன்னது பருத்திப்பட்டை. அதுவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அன்னம்மாள் சீட்டில் விழுந்த கழனிகளில் இறங்கினாள். ஒவ்வொன்றிலும் முளையடித்து, கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, அளந்தாள். மணவாளன் கழனியில் மரக்கால் நிரம்பி வழிந்தது. பூங்காவனம் கழனியில் அவரே கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, வெடித்த மண்ணைப் பார்த்து, “எழுதிக்கோம்மா, சைபரு. நல்லா ரவுண்டா போடு” என்றார். கூட்டி வகுத்ததில் ஒன்பதேகாலணா வந்தது. அரையணா கூடலாம், அரையணா குறையலாம் என்று அவள் பக்கத்தில் குறித்தாள். அதை உறையில் போட்டு ஒட்டி, கமிட்டிக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினாள். ராவ் பகதூரும் தம் பதினாலணாவை அனுப்பினார். கூடலாம், குறையலாம் என்று அவர் ஒன்றும் எழுதவில்லை. அவருக்கு அந்த வழக்கம் இல்லை.

பிறகு ஊரே அறுத்தது. களம் களமாக ரெவின்யூ ஆட்கள் நின்று அளந்தார்கள். தள்ளுபடிக்காக நெல்லை ஒளித்துவைக்கலாமா என்று ஊரில் சிலருக்குக் கை அரித்தது நிஜம். மணவாளனே ஒருநாள் களத்து மேட்டில் மெதுவாகப் பேச்செடுத்தார்.

“நாலு மூட்டைய ஊட்டுக்கு நவுத்திக்கினா யாருக்குத் தெரியப்போவுது?”

“அந்தப் பொண்ணு கணக்குல இடிக்கும்யா” என்றார் பூங்காவனம். “ஆத்தா பேருல எடுத்த சீட்டு. நெல்ல ஒளிச்சி ஆத்தாள பொய்க்காரியாக்குவியா?”

மூட்டை நகரவில்லை. ஆயக்கட்டு முழுதும் அளந்து முடித்தபோது விளைச்சல் ஒன்பதணா.

கமிட்டி கூடிய அன்று ராவ் பகதூருக்கு ஜலதோஷம். மறுவாரம் அன்னம்மாள் பூந்தமல்லி பங்களாவுக்கே ஆராய்ச்சிக் கட்டுரையைக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். வராந்தாவில் முனியன் சும்மா இருக்கும் குடையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நீ சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் நிஜ எண் வந்தது” என்றார் ராவ் பகதூர், ஜன்னலைப் பார்த்தபடி. “அதனால் என்ன? அது வெறும் தற்செயல்!”

“ஆமாம் சார், தற்செயல்தான். அதைப் பத்தித்தான் முந்நூறு பக்கம் எழுதியிருக்கேன்.”

அவர் முதல் தடவையாக இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். மூன்றாம் பக்கத்தையும் திருப்பினார். நாலாம் பக்கத்துக்கு வந்தபோது காது மடல் சிவந்திருந்தது. ஆனால் கமிட்டிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பருத்திப்பட்டுக்குத் தள்ளுபடியும் உத்தரவாகிவிட்டது. கையெழுத்துப் போட மறுத்தால், ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் பதினாலணாவையும் எழுத வேண்டும். பேனாவை எடுத்தார். ‘எனது நேரடி வழிகாட்டுதலில்’ என்ற வரியை மட்டும் தம் கையாலேயே சேர்த்துக் கையெழுத்திட்டார்.

கட்டுரை பரீட்சகர்களிடம் போயிற்று. பங்குனி போய், அடுத்த பங்குனியும் வந்த சமயம், லாகூரிலிருந்து பதில் வந்தது. அங்கேயிருந்த பரீட்சகர் நேரில் வருகிறாராம். வாய்மொழித் தேர்வை எங்கே வேண்டுமானாலும் வைக்கட்டும். ஆனால் அந்தப் பானையைத் தாம் பார்த்தே ஆக வேண்டுமாம்.

ராவ் பகதூர் பூந்தமல்லியில் பந்தல் போட்டு, வாழை கட்டி, வரவேற்புப் பத்திரம் அச்சடித்தார். லாகூர்க்காரர் ஆவடியில் இறங்கியதும் கைகுலுக்கிவிட்டு, “கோயில் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அதோடு பந்தல் முடிந்தது.

செல்லியம்மன் கோயில் முன்னால் நாற்காலிகள் போட்டார்கள். ஊர் சுற்றிலும் நின்றது. தேர்வு இங்கிலீஷில் நடந்தது. ஊருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் யார் ஜெயிக்கிறார்கள் என்பது முகங்களைப் பார்த்தே புரிந்தது. லாகூர்க்காரர் சுருட்டிய ஓலைகளைக் கையில் உருட்டிப் பார்த்தார். பானைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். கேள்விமேல் கேள்வி கேட்டார். அன்னம்மாள் சில கேள்விகளுக்கு உடனே பதில் சொன்னாள். ஒன்றுக்கு மட்டும் மணலில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவர் நாற்காலியை விட்டு இறங்கிக் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

“பயிரே இல்லாத வயல் ஒன்று வந்திருக்கிறதே. அதை ஏன் நீக்கவில்லை?”

ராவ் பகதூர் இருமினார்.

“அங்கே விளையவில்லை என்பதும் விளைச்சலைப் பற்றிய செய்திதான்” என்றாள் அன்னம்மாள். “அதை நீக்கியிருந்தால் கணக்கு அழகாக இருந்திருக்கும். ஆனால் அது இந்த ஏரியின் கணக்காக இருந்திருக்காது.”

லாகூர்க்காரர் தலையசைத்தார். ஒரு சீட்டு எடுத்துக் காட்டினால் நன்றாயிருக்கும், பேராசிரியரே எடுக்கட்டுமே என்றார். ராவ் பகதூர் எழுந்து பானையருகே வந்தார். கன்னியம்மாள் பானையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“அவுரு கை வாணாம்.”

“ஏம்மா? அவருக்கு இங்க நிலம் கிடையாதே?” என்றாள் அன்னம்மாள்.

“நெலம் இல்லதான். ஆனா எது நல்ல கழனி, எது மோசம்னு அவுருக்குப் பாத்ததுமே தெரியும்னு சொல்லிக்கினு கீறாரே. அப்பிடி தெரிஞ்ச கை பானைக்குள்ள போவக்கூடாது. எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் எடுக்கிறேன்.”

அன்னம்மாள் தயங்கிவிட்டு, ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். லாகூர்க்காரர் சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் எழுந்து பறந்தன.

“முந்நூறு பக்கத்துக்கு முன்னால் இந்த வாக்கியத்தைப் போட்டிருக்கலாமே” என்று சொல்லி எழுந்து, கையை நீட்டினார். “என் சம்மதம் நாளைத் தபாலில் போகும். மற்றவர்களின் சம்மதம் ஏற்கெனவே வந்துவிட்டது. வாழ்த்துக்கள், டாக்டர் அன்னம்மாள்.”

அந்தக் கடைசி வார்த்தைகளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பூங்காவனம் இடுப்புத் துண்டை அவிழ்த்து ஆகாசத்தில் வீசினார். மேளம் கிளம்பியது. மகளின் தேர்வைப் பார்க்க வந்திருந்த கார்டு கங்காதரன் நாற்பது வருஷம் பச்சைக்கொடி காட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏரிக்கு நல்லது செய்தவர்களைக் கோயில் குடைக்குக் கீழே கரையைச் சுற்றி அழைத்து வருவது அந்த ஊர் மரியாதை. குடையைப் பிடிக்க எல்லாருக்கும் ஆசை. எனவே அதற்கும் சீட்டுதான். அங்கே நிற்கும் ஆண்பிள்ளைகள் அத்தனை பேர் பெயரும் பானைக்குள் போயின.

“வந்தவங்க பேரையும் எழுதுங்கப்பா” என்றார் மணவாளன். “இல்லாங்காட்டி மரியாதியா இருக்காது.”

ஆகவே லாகூர்க்காரர் பெயரும் போயிற்று. ராவ் பகதூர் பெயரும் போயிற்று. மரியாதை என்ற சொல் காதில் விழுந்ததால் அவர் மறுக்கவில்லை. கன்னியம்மாள் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, கண்ணை இறுக மூடி, ஒன்றை எடுத்தாள். மணவாளன் பிரித்தார். ஒருமுறை படித்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படித்தார்.

“ராவ் பகதூரு... விருத்தகிரி.”

மேளக்காரர் குச்சி அந்தரத்தில் நின்றது.

“இது சூழ்ச்சி!” என்றார் ராவ் பகதூர்.

“தற்செயல் சார்” என்றாள் டாக்டர் அன்னம்மாள்.

“வேறு சீட்டு எடுக்கச் சொல்!”

அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊரே சொன்னது, ஆண், பெண், மேளக்காரர், பூசாரி, ஒரே குரலில். முனியனும் சொன்னான். ஒன்றும் புரியாத லாகூர்க்காரரும் கூட்டத்தோடு சேர்ந்து ஏதோ கத்தினார்.

கோயில் குடை பெரியது, கம்பும் கனம். ராவ் பகதூர் அதை இரண்டு கையாலும் அன்னம்மாள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தார். மதகு வரை கரைமேலேயே ஊர்வலம் போயிற்று. அன்னம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கடைமடைப் பக்கம் வரப்பில் இறங்கினாள். குடையும் பின்னாலேயே இறங்க வேண்டியிருந்தது. இந்த வருஷம் ஏரி நிரம்பியிருந்தது. வரப்பு முழுவதும் நல்ல சேறு.

பின்னால் கரைமேல் நின்ற முனியன், கையில் மடக்கிவைத்திருந்த கறுப்புக் குடையைப் பார்த்தான். வெயில் சுள்ளென்று அடித்தது. நிதானமாக அதை விரித்துத் தன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தோடு நடந்தான்.